விழப் பழகுவதே முதற் பாடம்

தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம், “அதெல்லாம் பொய்ச் சண்டை, போய்ப் படியுங்கோ” என்று சொல்லாத வீடு குறைவு. பிள்ளைகள் அதை இலகுவில் ஏற்றுக்கொள்வதில்லை. ஒருவர் மற்றவரைத் தலைக்கு மேலே தூக்கி நிலத்தில் போடுவதை அவர்கள் கண்ணாற் காண்கிறார்கள். விழுந்தவரின் முதுகு பலகையில் மோதும் சத்தம் அவர்களுக்குக் கேட்கிறது. அது எப்படிப் பொய்யாகும்? பெரியவர்கள் சொல்வது முழுப் பிழையல்ல. பிள்ளைகள் கேட்பதும் நியாயமான கேள்வியே.

தாய்மார் குழுக்களோடு வேலை செய்யும்போது இந்த விடயம் இரண்டு விதமாக என் முன்னே வந்திருக்கிறது. ஒன்று, தம்பியைத் தூக்கிக் கட்டிலில் போட்ட அண்ணன், தங்கையின் கழுத்தை முழங்கையால் இறுக்கிய பொடியன் என்று தாய்மார் கொண்டுவரும் முறைப்பாடுகள். மற்றையது, யுத்தத்துக்குள் வாழ்ந்து மீண்ட பெண்கள் சிலர், திரையில் ஒரு பெண் அடிவாங்குவதைப் பார்க்க முடியாமல் எழுந்து வெளியே போய்விடுவது. அடிக்கும் பெண்ணும் அடிவாங்கும் பெண்ணும் பிறகு ஒருவரோடொருவர் முகங்கொடுத்துக் கதைப்பார்களா என்ற கேள்வியும் இக்கூட்டங்களில் எழுந்ததுதான்.

அதற்கு விடை தேடி, இத்தொழிலுக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு என்ன கற்பிக்கிறார்கள் என்பதை வாசிக்கத் தொடங்கினேன். அடிப்பது எப்படி என்பது அந்தப் பாடங்களில் மிகச் சிறிய பகுதியே. விழுவது எப்படி, மற்றவரை விழுத்தும்போது அவரைக் காப்பது எப்படி, நோவைத் தெரியப்படுத்துவது எப்படி, கூலியை விட்டுக்கொடுக்காமல் இருப்பது எப்படி என்பவையே அங்கு பெரிய பாடங்கள். அவை எமக்கும் அந்நியமானவையல்ல என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எது நாடகம், எது நிஜம்?

ஒலிம்பிக்கில் நடைபெறும் மல்யுத்தம் வேறு, தொலைக்காட்சியில் வரும் தொழில்முறை மல்யுத்தம் வேறு. முன்னையது போட்டி. பின்னையது மல்யுத்தப் பிடிகளைக் கொண்டு சனங்களின் முன்னால் ஆடப்படும் ஒருவகை நாடகம். யார் வெல்வது, எப்படி முடிப்பது என்பன முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கும். இடையில் நடப்பவற்றுட் பலவற்றை ஆடுபவர்கள் மேடையிலேயே, பிடிக்குள் இருக்கும்போது ஒருவர் காதில் ஒருவர் மெதுவாகச் சொல்லி முடிவு செய்துகொள்கிறார்கள். எமது கூத்தில் போர்க்களத்தில் மடிந்த அபிமன்யு, விடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போகிறான் அல்லவா, அதுபோலத்தான்.

நெடுங்காலமாக இத்தொழிலில் உள்ளவர்கள் இந்த உண்மையை வெளியே சொன்னதில்லை. இன்று டபிள்யூ.டபிள்யூ.ஈ. என்று அழைக்கப்படும் பெரிய நிறுவனம், ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் 1989 இல் சட்டமன்றத்தின் முன்னிலையில் இது பொழுதுபோக்கு நிகழ்ச்சியே என்று ஒப்புக்கொண்டது. உண்மை பேச வேண்டும் என்ற ஆசையால் அல்ல. விளையாட்டுப் போட்டி என்றால் உரிமம், வைத்தியப் பரிசோதனை என்று அரசின் கட்டுப்பாடுகள் வரும். பொழுதுபோக்கு என்றால் அவை தளரும். ஆடுபவரின் உடலைப் பரிசோதிக்கும் கடமை, ‘இது நாடகம்’ என்ற ஒரு சொல்லோடு சுருங்கிவிட்டது.

ஆனால் உடலுக்கு நாடகம் தெரியாது. மேடையின் அடியில் இரும்புச் சட்டங்கள், அவற்றின்மேல் பலகைகள், பலகைகளின்மேல் மெல்லியதொரு மெத்தை, அதன்மேல் இழுத்துக் கட்டிய கன்வஸ் துணி. மேடையின் ஒரு பக்கம் பொதுவாக 16 முதல் 20 அடி வரை இருக்கும். 60 கிலோ எடையுள்ள பெண் அதில் விழுந்தால் அந்த 60 கிலோவும் விழத்தான் செய்கிறது. வெற்றி தோல்வியை முன்கூட்டியே எழுதிவைக்கலாம். விழுகையின் நோவை அப்படி எழுதிவைக்க முடியாது.

விழுவதற்கும் பயிற்சி வேண்டும்

ஆகவேதான் புதிதாக வரும் பெண்ணுக்கு முதலில் விழக் கற்றுக்கொடுக்கிறார்கள். தொடக்கத்தில் தடித்த மெத்தையில் குட்டிக்கரணம். பின்னர் குந்தியிருந்து பின்பக்கமாக விழுதல். அது பழகிய பிறகே நின்றபடி விழுதல். தூக்கிப் போடப்படுவது அதற்கும் பிறகு. கிழமைக்கணக்கில் இதையே செய்ய வேண்டியிருப்பதால் சலிப்படைந்து விலகிப் போகிறவர்களும் உண்டு.

சொல்லப்படும் விதிகள் எளியவை. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. நாடியை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள், அப்போதுதான் பிடரி பலகையில் அடிபடாது. பார்வை உன் வயிற்றில் இருக்கட்டும், மேலே பார்த்தால் தலை பின்னே சாயும். விழும்போது மூச்சை வெளியே விடு, அடக்கி வைத்தால் அதிர்ச்சி நெஞ்சுக்குள் நிற்கும். நாரியோ முள்ளந்தண்டின் ஒரு புள்ளியோ முதலில் முட்டாமல், மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படவேண்டும். கைகளைப் பக்கவாட்டில் விரித்து, உள்ளங்கைகளால் நிலத்தை அறைய வேண்டும். அப்போது விழுகையின் வேகம் அகன்ற பரப்பில் பரவிப் போகும். சனங்களுக்குக் கேட்கும் பெரிய சத்தத்திலும் ஒரு பங்கு அந்த அறைதலால் வருவதுதான்.

எல்லாவற்றிலும் முக்கியமாகச் சொல்லப்படுவது, விழும்போது கையைப் பின்னே ஊன்றாதே என்பது. விழுகிற எவரும் தன்னையறியாமல் கையை ஊன்றத்தான் பார்ப்பார். அது இயல்பு. ஆனால் முழு உடலின் பாரமும் ஒரு மணிக்கட்டிலோ முழங்கையிலோ இறங்கினால் எலும்பு முறியும். பயத்தில் உடல் தானாகச் செய்வதை மறக்கச் செய்து, பாதுகாப்பானதைப் பழக்கப்படுத்துவதற்கே இவ்வளவு காலம் எடுக்கிறது. யப்பானில் இதனை ‘உக்கெமி’ என்கிறார்கள். ஜூடோக் கலையிலும் இதுவே அடிப்படைப் பாடம். நன்றாக விழத் தெரியாத ஒருவரை மேடையேற்றுவது அங்கு பெரும் பொறுப்பின்மையாகக் கருதப்படும்.

இதை வாசித்துவிட்டு வீட்டில் எவரும் பழகிப் பார்க்க வேண்டாம். கற்றுக்கொடுப்பவர் பக்கத்தில் நிற்க, மெத்தையில், படிப்படியாகச் செய்ய வேண்டிய வேலை இது. சீமெந்து நிலத்தில் செய்தால் இவ்விதிகளில் ஒன்றும் காப்பாற்றாது.

மற்றவளின் உடல் உன் பொறுப்பு

அடுத்த பாடம் துணையைப் பற்றியது. ஒரு பெண் இன்னொரு பெண்ணைத் தோளுக்கு மேலே தூக்கும்போது, தூக்கப்படுபவரும் சேர்ந்து துள்ளுகிறார். தன் பாரத்தைத் தூக்குபவருக்கு வசதியாக அமைத்துக்கொடுக்கிறார். அவர் ஒத்துழைக்காவிட்டால் அநேகமான தூக்கல்கள் நடக்கவே மாட்டா. அந்த நொடியிலிருந்து நிலத்தைத் தொடும்வரை அவருடைய தலையும் கழுத்தும் தூக்கியவரின் கையில் இருக்கின்றன. ஆகவே, உன் துணை பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தால்தான் உன் ஆட்டம் நல்ல ஆட்டம் என்று புதியவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது.

இதற்காக வழக்கங்கள் சில உருவாகியுள்ளன. பிடி இறுக்கமாகத் தெரிய வேண்டும், ஆனால் கை தளர்ந்திருக்க வேண்டும். முன்பின் அறியாத இருவர் சந்தித்தாலும் குழப்பம் வராதபடி, ஐக்கிய அமெரிக்காவில் தலைப்பிடியும் கைப்பிடியும் இடது பக்கத்தில் போடப்படுகின்றன. மெக்சிக்கோவின் ‘லூச்சா லிப்ரே’ மரபில் வலது பக்கம். பலமான விழுகைக்குப் பிறகு துணையின் கையை மெதுவாக அமத்துவார்கள். அவர் திருப்பி அமத்தினால் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்பது பொருள். பதில் வராவிட்டால் ஆட்டத்தின் வேகம் அங்கேயே குறைய வேண்டும். மேடையில் நிற்கும் நடுவர், வெற்றியை அறிவிப்பவர் மாத்திரமல்ல. இருவருக்கும் இடையே செய்தி கொண்டுசெல்பவரும் அவரே. உண்மையாகவே காயம்பட்டால் அவர் இரு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடிப்பார். அதைக் கண்டதும் நாடகம் நின்று வைத்திய உதவி வரவேண்டும்.

எங்கள் கூட்டங்களில் எழுந்த கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. மேடையில் ஒருவரையொருவர் அடிப்பவர்கள், ஆட்டம் முடிந்ததும் நன்றி சொல்லிக் கைகொடுப்பது இத்தொழிலின் மரியாதை. அங்கு அடிவாங்கும் பெண், அதற்கு உடன்பட்டு, அதற்காகப் பயிற்சி பெற்று, நிறுத்தச் சொல்லும் உரிமையோடு நிற்கிறார். வீட்டுக்குள் அடிபடும் பெண்ணுக்கு இவற்றில் ஒன்றேனும் இல்லை. திரையில் காண்பதற்கும் வீட்டில் நடப்பதற்கும் இடையிலான வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமானால் இந்த இடத்திலிருந்து தொடங்கலாம். எமது நாட்டில் வீட்டு வன்முறையைத் தடுப்பதற்கென 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டம் உள்ளது. 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழைத்து வழிகேட்கலாம்.

அவசரப்படாதே, முகத்தைக் காட்டு

விழவும் காக்கவும் பழகிய பின்னரே நடிப்புப் பற்றிய ஆலோசனை வருகிறது. புதியவர்கள் செய்யும் பொதுவான பிழை அவசரம். கற்றதையெல்லாம் பத்து நிமிடத்துக்குள் காட்டிவிட வேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வார்கள். பார்ப்பவர் மனதில் ஒன்றும் தங்காது. நாலு பிடி போதும், ஆனால் ஒவ்வொன்றும் ஏன் நடக்கிறது என்று கடைசி வரிசையில் இருப்பவருக்கும் விளங்க வேண்டும் என்பது மூத்தவர்களின் வார்த்தை.

இரண்டாவது, நோவை மறந்துவிடாதே. இடது முழங்காலில் அடிபட்டதாகக் காட்டினால் ஆட்டம் முடியும்வரை அந்தக் காலை நொண்டவேண்டும். இரண்டு நிமிடத்தில் அதே காலால் துள்ளிப் பாய்ந்தால் சனங்கள் சிரிப்பார்கள். மூன்றாவது, முகத்தை மயிரால் மறைக்காதே, நிலத்தைப் பார்த்து ஆடாதே. நான்காவது, நீ நல்லவளா கெட்டவளா என்பதைத் தெரிந்துகொண்டு மேடையேறு. நல்லவள் விதிக்கு அமைந்து ஆடுவாள், அடிவாங்கி மெல்ல எழும்புவாள். கெட்டவள் நடுவர் திரும்பும் நேரம் பார்த்துக் கண்ணில் குத்துவாள், மயிரைப் பிடித்து இழுப்பாள். கெட்டவளாக ஆடுவதற்கே அனுபவம் கூட வேண்டும் என்பார்கள், ஏனெனில் அநேகமாக ஆட்டத்தை நடத்திச் செல்பவர் அவரே. ஐந்தாவது, சனங்களைக் கேள். அவர்கள் சத்தமிடும்போது நில், அடங்கியதும் தொடங்கு.

இந்தப் பாடத்தை அருமையாகச் செய்து காட்டுபவர்கள் தென் அமெரிக்காவின் பொலிவியா நாட்டில் இருக்கிறார்கள். லா பாஸ் நகருக்கு அருகே, கடல் மட்டத்திலிருந்து 4,000 மீற்றருக்கும் கூடிய உயரத்தில் எல் அல்ட்டோ என்ற நகரம் உண்டு. அங்கு அய்மாரா என்ற பூர்வீக இனத்தைச் சேர்ந்த பெண்கள் 2000களின் தொடக்கத்திலிருந்து மல்யுத்த மேடையில் ஆடி வருகிறார்கள். அவர்களைச் சோலித்தாக்கள் என்று அழைப்பர். பலமடிப்புப் பாவாடை, சால்வை, இரட்டைப் பின்னல், வட்டத் தொப்பி என்று தங்கள் அன்றாட உடையிலேயே மேடைக்கு வருகிறார்கள். சந்தையில் வியாபாரம், வீட்டு வேலை என்று நாளாந்தம் பாடுபடும் பெண்களும் இவர்களில் இருக்கிறார்கள்.

மேடைக்கு வந்ததும் இவர்கள் உடனே சண்டை பிடிப்பதில்லை. இசைக்கு ஏற்பப் பாவாடை சுழல ஆடிக்கொண்டு வருவார்கள். தொப்பியையும் சால்வையையும் நகைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி வைப்பார்கள். கூட்டத்துக்கு அதற்குள்ளேயே யார் நல்லவர், யார் கெட்டவர் என்று தெரிந்துவிடும். நடுவர் பெரும்பாலும் கெட்டவரின் பக்கம் நிற்பார். சனங்கள் கோபத்தில் சோளப்பொரியையும் தோடம்பழத் தோலையும் எறிவார்கள். இறுதியில், சில வேளைகளில் ஓர் ஆண் எதிராளியையே தூக்கிப் போட்டுவிட்டு அந்தப் பெண் எழுந்து நிற்பார். இந்த உடை அணிந்த பூர்வீகப் பெண்கள் லா பாஸ் நகரின் சில பொது இடங்களுக்குள் அனுமதிக்கப்படாத காலம் ஒன்று இருந்தது. அந்த வரலாறு தெரிந்தவர்கள் அந்தக் காட்சிக்குக் கைதட்டும்போது வெறும் சண்டைக்காகக் கைதட்டுவதில்லை.

உடை பற்றிய கேள்வி எமது பக்கத்துப் பெண்களுக்கும் முக்கியமானது. இந்தியாவின் ஹரியானா மாநிலத்தைச் சேர்ந்த கவிதா தேவி முன்னர் பாரந்தூக்கும் வீராங்கனை. 2016 தெற்காசிய விளையாட்டு விழாவில் தங்கப் பதக்கம் வென்றவர், ஒரு பிள்ளையின் தாய். பஞ்சாப் மாநிலத்தின் ஜலந்தரில் உள்ள பயிற்சிக் கூடத்தில் தொழில்முறை மல்யுத்தம் பழகி, 2017 இல் டபிள்யூ.டபிள்யூ.ஈ. மேடையில் ஆடிய முதலாவது இந்தியப் பெண்ணானார். அன்று அவர் அணிந்திருந்தது செம்மஞ்சள் நிறச் சல்வார். உடல் அசைவுக்கும் பாதுகாப்புக்கும் இடைஞ்சல் தராத எந்த உடையும் மேடைக்கு ஏற்றதே என்பதை அது பலருக்குக் காட்டியது.

தலையிடியை மறைக்காதே

பயிலுநர்களுக்குச் சொல்லப்படும் ஆலோசனைகளுள் உயிரோடு சம்பந்தப்பட்டது இது. யப்பானில் பிளம் மரிகோ என்ற அனுபவமுள்ள வீராங்கனை 1997 ஓகஸ்ட் மாதம் ஹிரோஷிமாவில் நடந்த ஆட்டத்தின் பின் தலைக்காயத்தால் இறந்தார். அவருக்கு வயது 29. அதற்கு முன்னரும் தலையில் அடிபட்ட வரலாறு அவருக்கு இருந்தது. 1999 இல் எமிகோ கடோ என்ற இளம்பெண், மேடைக்கு அறிமுகமாகிச் சில வாரங்களுக்குள் அதேபோன்ற காயத்தால் உயிரிழந்தார். ஒருவர் பழையவர், ஒருவர் புதியவர். இருவரையும் கொன்றது தலைக்குள் பட்ட அடி.

வெளியே இரத்தம் வராவிட்டாலும் மூளை அதிர்ந்திருக்கலாம். தலையில் அடிபட்டவர் அன்றைய ஆட்டத்தை அங்கேயே நிறுத்த வேண்டும் என்பதும், வைத்தியர் சொன்ன பிறகே படிப்படியாகத் திரும்ப வேண்டும் என்பதும் இன்று எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவான விதி. முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி படுவது மிக ஆபத்தானது. ஆனால் புதிதாக வந்தவர், “இவள் தாங்கமாட்டாள்” என்று தன்னைக் கழித்துவிடுவார்களோ என்ற பயத்தில் தலையிடியை மறைப்பார். நோவைச் சொல்லாமல் தாங்குவது கெட்டித்தனம் என்ற எண்ணம் அங்கும் இருக்கிறது. பெண்களிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்கும் பழக்கம் எமக்கும் தெரிந்ததே.

சகோதரிகளே, இதை மல்யுத்தத்துக்கு மட்டும் உரியதாக எடுக்க வேண்டாம். விளையாட்டிலோ, மரத்தால் விழுந்தோ, எவராவது அடித்தோ தலையில் அடிபட்ட பிள்ளைக்கோ பெரியவருக்கோ கீழே உள்ள அறிகுறிகள் ஏதும் தென்பட்டால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்:

கூடிக்கொண்டே போகும் தலையிடி.
திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தல்.
வழமைக்கு மாறான நித்திரைத் தூக்கம், எழுப்ப முடியாமை.
சொன்னதையே திரும்பச் சொல்லுதல், ஆட்களை மாறாட்டமாக அறிதல்.
வலிப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல்.
ஒரு கண்ணின் கருமணி மற்றதை விடப் பெரிதாகத் தெரிதல்.
காதாலோ மூக்காலோ இரத்தம் அல்லது நீர் வடிதல்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் சேவை கிடைக்கும். எறிகணைச் சிதறல் தலையிலோ கழுத்திலோ முதுகிலோ இன்னும் இருப்பவர்கள், புதிதாக அடிபட்டால் பழைய காயத்தைப் பற்றியும் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

காசு யார் கையில்?

விழுந்து எழும்புவது பெண், காசை எண்ணுவது வேறொருவர் என்ற நிலை இத்தொழிலில் நெடுங்காலம் இருந்தது. அதற்கு மில்ட்ரெட் பேர்க்கின் வாழ்க்கை ஓர் உதாரணம். 1915 இல் ஐக்கிய அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். கணவன் கைவிட்ட நிலையில், உணவகத்தில் பரிமாறி ஒரு பிள்ளையை வளர்த்தவர். மல்யுத்தம் பழகவேண்டும் என்று பில்லி வூல்ஃப் என்ற பயிற்றுநரிடம் போனார். அவளை ஓங்கிப் போடு, பயந்து ஓடட்டும் என்று வூல்ஃப் ஓர் ஆணிடம் சொல்லியிருந்தாராம். பேர்க் அந்த ஆணையே தூக்கிப் போட்டார் என்பது அவர் பின்னாளில் சொன்ன கதை. சந்தைத் திடல்களில் ஆண்களோடு மோதிப் பேர்பெற்று, 1937 இல் பெண்களுக்கான உலகப் பட்டத்தை வென்றார்.

வூல்ஃப் பின்னர் அவரை மணந்தார். யார் எங்கே ஆடுவது, எவ்வளவு கூலி என்பவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரமும் அநேகமான பெண்களின் வருமானத்தில் பெரும் பங்கும் வூல்ஃபின் கையில் இருந்தன. திருமணம் முறிந்ததும் பேர்க்குக்கு ஆட்டங்கள் கிடைப்பது அரிதாயிற்று. 1954 ஓகஸ்ட் மாதம் அட்லாண்டா நகரில் ஜூன் பயர்ஸ் என்பவரோடு நடந்த ஆட்டம், நாடகமாக அல்லாமல் உண்மை மோதலாகவே நடந்தது. பயர்ஸ் வூல்ஃபின் மருமகள். அதோடு பேர்க்கின் காலம் முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள்.

ஆனால் அதே ஆண்டு நவம்பரில் பேர்க் வேறு சில பெண்களோடு யப்பானுக்குச் சென்றார். அந்தப் பயணம் அங்கு பெண்கள் மல்யுத்த அலை ஒன்றை எழுப்பியது. 1968 இல் அங்கு பெண்களுக்கென்றே ஒரு பெரிய நிறுவனம் தோன்றி 2005 வரை இயங்கியது. பதின்ம வயதுப் பிள்ளைகள் பயிற்சிக் கூடத்திலேயே தங்கி, சமைத்து, கூட்டித் துடைத்து, நூற்றுக்கணக்கில் குந்தி எழும்பிப் பழகினார்கள். மது, புகை, ஆண் நட்பு மூன்றும் அவர்களுக்குத் தடை. 26 வயதளவில் ஓய்வு பெற வேண்டும் என்ற வழக்கமும் இருந்தது. அங்கு 1980களில் பெரும் புகழ்பெற்ற சிகுசா நாகயோ 1989 இல் ஓய்வு பெற்றார். சில ஆண்டுகளில் திரும்பி வந்து, தானே ஒரு நிறுவனத்தைத் தொடங்கி இளம் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். எல் அல்ட்டோவிலும் ஒரு பகுதிப் பெண்கள், தமக்குக் கிடைத்த கூலி போதாது என்று ஏற்பாட்டாளரை விட்டுப் பிரிந்து தாமாகவே குழு அமைத்துக்கொண்டார்கள்.

பெரிய நிறுவனங்களில் ஆடுபவர்கள்கூட நீண்ட காலமாக ஊழியர்களாகக் கணிக்கப்படாமல் ஒப்பந்தக்காரர்களாகவே கணிக்கப்பட்டு வந்திருக்கிறார்கள். ஒப்பந்தக்காரருக்குச் சேமலாப நிதி, ஓய்வூதியம் போன்ற பாதுகாப்புகள் தானாகக் கிடைப்பதில்லை. வீட்டிலிருந்து உடுப்புத் தைத்துத் துண்டுக்கணக்கில் கூலி வாங்கும் பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பணத்தோடு இன்னொரு ஆபத்தும் சேர்ந்து வருகிறது. 2020 ஜூன் மாதத்தில் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் இத்தொழிலைச் சேர்ந்த பெண்கள் பலர், பயிற்றுநர்களாலும் ஏற்பாட்டாளர்களாலும் தமக்கு நேர்ந்த பாலியல் துன்புறுத்தல்களை வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள். மேடை ஏறும் வாய்ப்பைக் கையில் வைத்திருப்பவரே துன்புறுத்துபவராக இருந்தால் பெண் யாரிடம் போய்ச் சொல்வாள் என்பதே அப்போது எழுந்த கேள்வி. பயிற்சிக் கூடங்களில் பாதுகாப்பு விதிகள் வேண்டும் என்று பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர் குழு ஒன்று 2021 இல் அறிக்கை வெளியிட்டது.

இந்த அனுபவங்களிலிருந்து, புதிதாகச் சேரும் பெண் முதல் நாளே கேட்க வேண்டியவை என்று பின்வருவனவற்றைத் தொகுக்கலாம். பயிற்சிக்குக் கட்டும் காசு எவ்வளவு, இடையில் விலகினால் திருப்பித் தருவார்களா? சேருமுன் ஒரு நாள் இருந்து பார்க்கலாமா? காயம்பட்டால் வைத்தியச் செலவு யாருடையது? முதலுதவி தெரிந்தவர் பக்கத்தில் இருப்பாரா? கூலி எழுத்தில் உண்டா? பயிற்றுநரைப் பற்றி முறைப்பாடு செய்ய அவரல்லாத ஒருவர் உண்டா? இக்கேள்விகளைக் கேட்டதற்காகக் கோபிக்கும் இடத்தில் சேரக்கூடாது. தையல் நிலையமோ, வெளிநாட்டு வேலை முகவரோ, சுயதொழில் பயிற்சியோ, எங்கு சேர்வதானாலும் எமது பெண்களும் இவற்றையே கேட்கலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பிள்ளைகள் மல்யுத்தம் பார்ப்பதை வெறுமனே தடுத்தால் பக்கத்து வீட்டில் போய்ப் பார்ப்பார்கள். முடிந்தால் ஒரு தடவை கூட இருந்து பாருங்கள். தூக்கப்படுகிறவர் எப்படித் துள்ளிக் கொடுக்கிறார், விழும்போது நாடியை எங்கே வைத்திருக்கிறார், தூக்கியவர் அவருடைய தலையை எப்படிக் காக்கிறார் என்று பிள்ளையிடமே கேளுங்கள். இவர்கள் மாதக்கணக்கில் விழப் பழகியவர்கள், நீ பழகவில்லை, உன் தம்பியும் பழகவில்லை என்று சொல்லிக்கொடுங்கள். கழுத்தைப் பிடிப்பது, தலைகீழாகத் தூக்குவது, உயரத்திலிருந்து ஒருவர் மேலே பாய்வது மூன்றும் வீட்டில் கிடையாது என்ற விதியை உறுதியாக வையுங்கள். ஒருவர் ‘விடு’ என்றால் மற்றவர் அந்த நொடியே விடவேண்டும் என்பதையும் அந்த விதியோடு சேருங்கள். விளையாட்டில் அதைப் பழகிய பொடியன் வளர்ந்த பின்னும் அதை மறக்காமலிருக்க வாய்ப்புண்டு.

விழும் சத்தத்தையோ அடிவாங்கும் முகத்தையோ தாங்க முடியாதவர்கள் எழுந்து போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எது நாடகம் என்று அறிவுக்குத் தெரிந்தாலும், செல் விழுந்த நாட்களை அனுபவித்த உடல் சத்தத்துக்கு முதலில் பதறத்தான் செய்யும். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கும்படி பிள்ளைகளிடம் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்பதையும் அவர்களுடைய வயதுக்கு ஏற்றபடி சொல்லுங்கள். நித்திரை குழம்பும் அளவுக்கு அந்தப் பதற்றம் நீடித்தால், பக்கத்து வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லலாம் அல்லது 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்கு அழைத்துக் கதைக்கலாம்.